வளைவும் சொகுசும் விலையும்: ஸ்போர்ட் செடான் பிறந்த கதை



நம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒருமுறை நிதானமாக நடந்து பாருங்கள். தூணுக்குத் தூண் உயரமான எஸ்.யூ.வி.க்கள் நெருக்கி நிற்கின்றன. நடுநடுவே டிக்கி நீண்ட செடான் ஒன்றிரண்டு. அந்தச் செடான்காரர்களிடம் ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் சொல்வார்கள். வளைவில் வண்டி கைக்கு அடங்குகிறது, பின்சீட்டில் அலுப்புத் தெரிவதில்லை, கொடுத்த காசுக்குக் குறைவில்லை. கார் பத்திரிகைகள் இவற்றையே ஹேண்ட்லிங், ரைடு கம்ஃபர்ட், வேல்யூ ஃபார் மணி என்று பிரித்து மார்க் போடுகின்றன.

இந்த மூன்றையும் ஒரே வண்டியிடம் எதிர்பார்ப்பது ஆதிகாலத்து வழக்கம் இல்லை. வளைவில் பறக்க வேண்டுமானால் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். குடும்பத்தோடு போக வேண்டுமானால் மெத்தென்று ஆடிக்கொண்டு போகும் பெரிய கார். இரண்டும் சேர்ந்தது வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஜாகுவார் மார்க் 2 போல வசதி படைத்தவர்களுக்கான வண்டி. மாதச் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கும் விலையில் நான்கு பேர் உட்காரும், வளைவில் மிரளாத, இடுப்பை ஒடிக்காத வண்டி என்ற வகை 1960-களில்தான் நிலைபெற்றது. அந்தக் கதையைத்தான் இந்த இதழில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நான் பி.காம். படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்தக் கதை ஒரு பேலன்ஸ் ஷீட்டில் தொடங்குகிறது. அதனால் துணிந்து எழுதுகிறேன்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1959 டிசம்பர் 9-ஆம் தேதி பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் பங்குதாரர் பொதுக்கூட்டம் நடந்தது. அன்றைய பி.எம்.டபிள்யூ.வை இன்றைய பெயரை வைத்து எடைபோடக் கூடாது. அவர்களிடம் ஒரு பக்கம் 501, 502 என்ற பெரிய கார்கள். உடம்பு முழுக்க வளைவு வளைவாக இருப்பதால் ஜெர்மானியர்கள் அவற்றை பரோக் தேவதை என்று கேலியாக அழைத்தார்கள். இன்னொரு பக்கம் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டி வண்டி. இத்தாலிய கம்பெனி ஒன்றிடம் லைசென்ஸ் வாங்கிச் செய்தது. அதற்கு முன்பக்கம்தான் கதவு, பிரிட்ஜ் திறப்பது போலத் திறக்க வேண்டும். பெரிய காரை வாங்க ஆளில்லை, குட்டி வண்டியில் லாபமில்லை. நடுவில் விற்க எதுவுமே கிடையாது. நஷ்டம் ஏறிக்கொண்டே போயிற்று.

கூட்டத்தில் வைத்த திட்டம் எளிமையானது. பங்கு மூலதனத்தின் முகமதிப்பைப் பாதியாகக் குறைப்பது, புதிய பங்குகளை வெளியிடுவது, அவற்றை மெர்சிடிஸ் தயாரிக்கும் டைம்லர்-பென்ஸ் எடுத்துக்கொள்வது. பழைய சிறு பங்குதாரர்களுக்குப் புதிய பங்கில் உரிமை இல்லை. பி.எம்.டபிள்யூ.வின் மேற்பார்வைக் குழுத் தலைவர் டாய்ச்ச வங்கியைச் சேர்ந்தவர். டைம்லரிலும் அதே வங்கிக்குச் செல்வாக்கு. வாடிக்கையாளர்கள் பாதுகாப்புக்காக வங்கியில் வைத்திருந்த பங்குகளுக்கும் வங்கியே ஓட்டுப் போடலாம் என்பது அந்த நாட்டு நடைமுறை. வங்கியில் உத்தியோகம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தீர்மானம் நிறைவேறுவது உறுதி என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

சிறு பங்குதாரர்கள், டீலர்கள் தரப்பில் வாதாட வந்தவர் பிராங்க்பர்ட் வக்கீல் பிரீட்ரிக் மாத்தெர்ன். ஓட்டு எண்ணிக்கையில் வங்கிகளை அவரால் வெல்ல முடியாது. அவர் கணக்கைப் பிடித்தார். அந்தச் சமயம் பி.எம்.டபிள்யூ. 700 என்ற சிறிய கார் ஒன்றை உருவாக்கியிருந்தது. அதற்கான வளர்ச்சிச் செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதித் தள்ளியிருந்தார்கள். வரப்போகும் பல ஆண்டுகளுக்குப் பலன் தரும் செலவை ஒரே வருடத்துத் தலையில் கட்டினால் அந்த வருட நஷ்டம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். பேலன்ஸ் ஷீட்டில் தவறு இருக்கிறது என்று ஆட்சேபித்துக் கூட்டத்தை ஒத்திவைக்கக் கோர, ஜெர்மன் கம்பெனிச் சட்டப்படி 10 சதவீத ஓட்டு இருந்தால் போதும். மாத்தெர்ன் தரப்புக்கு அது கிடைத்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. டைம்லர் கொடுத்திருந்த கெடு அன்று நள்ளிரவோடு முடிகிறது. அத்தோடு திட்டமும் முடிந்தது.

பெரிய பங்குதாரரான ஹெர்பர்ட் குவாண்ட் முதலில் கம்பெனியைக் கைமாற்றும் யோசனையில்தான் இருந்தார். சிறு பங்குதாரர்களின் பிடிவாதத்தைப் பார்த்து மனம் மாறித் தன் பணத்தையே போட்டார். 700 நன்றாக விற்று மூச்சு விட அவகாசம் கொடுத்தது. அடுத்த கேள்வி, நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தை எந்த வண்டியால் நிரப்புவது என்பது.

பதில் 1961 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் மேடையேறியது. பி.எம்.டபிள்யூ. 1500. நான்கு கதவு, 1,499 சி.சி., 80 குதிரைசக்தி. கம்பெனி இந்த வரிசைக்கு நோயா கிளாஸ, அதாவது புதிய வகுப்பு, என்று பெயர் வைத்தது. விற்பனை டைரக்டர் பால் ஹானமன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார். பெரிய கம்பெனிகளோடு நேருக்கு நேர் மோதாமல், அவர்கள் கவனிக்காத சந்தில் கடை போடுவது. கண்காட்சியில் சொன்ன விலை 8,500 மார்க். வண்டி கைக்கு வந்தபோது 9,485 மார்க் ஆகிவிட்டது. அந்தக் காசுக்கு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஏறக்குறைய இரண்டு வாங்கலாம். மெர்சிடிஸின் அடிமட்ட மாடலுக்கும் கிட்டத்தட்ட அதே விலைதான். ஆக 1500 மலிவு வண்டி இல்லை. ஆனாலும் ஆர்டர் குவிந்தது. முதலில் வந்த வண்டிகளில் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் கோளாறுகள் இருந்தும் வாங்கியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். 1963-ஆம் ஆண்டுக் கணக்கில் பி.எம்.டபிள்யூ. மறுபடி டிவிடெண்ட் கொடுத்தது.

எதைக் கண்டு பொறுத்துக்கொண்டார்கள்? இங்கே கொஞ்சம் வண்டிக்கு அடியில் குனிய வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், ஐந்து நிமிடம்தான்.

நம் அம்பாசடரை நினைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கிறது. நடுவில் பூசணிக்காய் மாதிரி டிஃபரன்ஷியல் தொங்குகிறது. இதை லைவ் ஆக்சில் என்பார்கள். அடித்தால் உடையாது, எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். ஆனால் இரண்டு குறை உண்டு. இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சாய்கிறது, தரையோடு டயருக்குள்ள பிடி அங்கே தளர்கிறது. அடுத்தது எடை. குழாய், பூசணிக்காய் எல்லாமே ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கின்றன. கனமான பொருள் குதித்தால் அதை அடக்க முரட்டு ஸ்பிரிங் வேண்டும், முரட்டு ஸ்பிரிங் போட்டால் உங்கள் முதுகுக்குத் தெரியும். சொகுசுக்காக மெத்தென்ற ஸ்பிரிங் போட்டால் வளைவில் பின்பக்கம் துள்ளும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்ற நிலை வந்தது இதனால்தான்.

1500-இல் டிஃபரன்ஷியலை வண்டியின் உடம்போடு சேர்த்து மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் சாய்வாகப் பொருத்திய தனித்தனிக் கை, தனித்தனி காயில் ஸ்பிரிங். ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதற்குச் சேதி போகாது. குதிக்கும் எடை குறைந்துவிட்டதால் ஸ்பிரிங்கை ஓரளவு மென்மையாக வைத்துக்கொண்டே ஷாக் அப்சார்பரைக் கொண்டு ஆட்டத்தை அடக்க முடிந்தது. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டும் டிஸ்க் பிரேக்கும். இவற்றில் எதுவுமே பி.எம்.டபிள்யூ. கண்டுபிடித்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து, நல்ல இன்ஜின் ஒன்றை வைத்து, குடும்ப வண்டியின் உடம்புக்குள் அடக்கியது அவர்களுடைய சாமர்த்தியம். அந்த இன்ஜினை வடிவமைத்தவர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹாசன். பின்னாளில் பெரிதாக்க வேண்டி வரும் என்று இடம் விட்டு வார்த்திருந்தார். அந்த வார்ப்பின் தொடர்ச்சிதான் டர்போ பொருத்தி 1983-இல் நெல்சன் பிகேயை ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆக்கியது. இந்த மனிதரின் பெயர் இன்னொரு முறை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கை இத்தாலியர்கள் வேறு வழியில் போட்டார்கள். அரசு நிறுவனமான ஆல்ஃபா ரோமியோ 1962 ஜூனில் மோன்சா ரேஸ் மைதானத்தில் ஜூலியா டி.ஐ. என்ற செடானை அறிமுகப்படுத்தியது. அதில் பின்பக்கம் லைவ் ஆக்சில்தான். ஆனால் அந்த ஆக்சில் இப்படி அப்படி நகராதபடி தனித் தண்டுகளால் கட்டிப் போட்டு, பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காயில் ஸ்பிரிங் கொடுத்தார்கள். 1,570 சி.சி. இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜின், 92 குதிரைசக்தி, 5 கியர். அந்தக் காலத்தில் குடும்பக் காரில் 5 கியர் என்பது நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏ.சி. மாதிரி. பார்ப்பதற்கு அட்டைப்பெட்டி போல இருக்கும் வண்டி, ஆனால் காற்றைக் கிழிப்பதில் பல ஸ்போர்ட்ஸ் கார்களை மிஞ்சியது. பின்பக்கத்தைச் சட்டென்று வெட்டியது போல முடித்ததில் சூட்சுமம் இருக்கிறது. இத்தாலியப் போலீஸ் இதைத்தான் ஓட்டியது. வேகத்தை வைத்துப் பார்த்தால் அந்த வருடங்களின் சிறந்த செடான் இதுவே என்பது என் கட்சி. ஆனால் ஆல்ஃபா வாங்கியவரின் செலவு ஷோரூமோடு முடியாது. துரு பிடிக்கும். நுணுக்கமான இன்ஜினுக்கு நுணுக்கம் தெரிந்த மெக்கானிக் வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்தது ஒரு வேடிக்கை. ஃபோர்டு கார்டினா என்ற சாதாரணக் குடும்ப வண்டியை லோட்டஸ் கம்பெனியிடம் கொடுத்து 1963-இல் லோட்டஸ் கார்டினா என்று வெளியிட்டார்கள். 105 குதிரைசக்தி. ஜிம் கிளார்க் 1964-இல் பிரிட்டிஷ் செடான் சாம்பியன் பட்டத்தையே இதில் ஜெயித்தார். பின் ஆக்சிலைப் பிடித்து வைக்க ஆங்கில ஏ எழுத்து வடிவில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் கொடுத்த இழுவையில் ஆக்சில் கூடு தளர்ந்து ஆயில் கசிந்தது. 1965-இல் பேசாமல் பழைய பட்டை ஸ்பிரிங்குக்கே திரும்பிவிட்டார்கள். ரேஸில் ஜெயிப்பது வேறு, தினமும் ஆபீசுக்குப் போய் வருவது வேறு.

மறுபடி மியூனிக்குக்கு வருவோம். 1966-இல் பி.எம்.டபிள்யூ. தன் வண்டியை இரண்டு கதவுக்குச் சுருக்கி, எடையைக் குறைத்து, 1600 என்று விலை குறைந்த மாடல் ஒன்றை விட்டது. பிறகு நடந்ததைக் கம்பெனிக்காரர்களே ரசித்துச் சொல்வார்கள். நாம் மேலே பார்த்த ஃபால்கன்ஹாசன் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த 1600-இல் பெரிய செடானின் 2 லிட்டர் இன்ஜினை மாட்டச் சொல்லியிருந்தார். திட்டமிடல் டைரக்டர் ஹெல்முட் வெர்னர் பென்ஷும் யாரிடமும் சொல்லாமல் அதையே செய்துகொண்டார். இரண்டு வண்டிகளும் ஒரே சமயத்தில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோதுதான் ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள். அதே சமயம் நியூயார்க்கிலிருந்த இறக்குமதியாளர் மேக்ஸ் ஹாஃப்மன் அமெரிக்காவுக்கு வேகமான மாடல் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். இரட்டை கார்புரேட்டர் வைத்த 1600 அமெரிக்கப் புகை விதிகளைத் தாண்டாது. ஒற்றை கார்புரேட்டரோடு 2 லிட்டர் இன்ஜின் தாண்டும்.

1968-இல் 2002 பிறந்தது இப்படித்தான். 100 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்குள். அமெரிக்காவில் விலை 2,850 டாலரை ஒட்டி. ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகையின் 1968 ஏப்ரல் இதழில் டேவிட் ஈ. டேவிஸ் இந்த வண்டியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். கார் விமர்சனக் கட்டுரைகளில் அந்த அளவுக்குப் பேசப்பட்டது வேறு இருக்குமா என்பது சந்தேகம். அவர் வியந்ததும் நம் மூன்று கேள்விகளைச் சுற்றித்தான். பார்க்கச் சாதுவாக, நாலு பேர் உட்கார்ந்து சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி, தன்னைவிட எவ்வளவோ விலை கூடிய வண்டிகளை வளைவில் பின்னுக்குத் தள்ளுகிறது.

குறை இல்லையா என்றால், உண்டு. சாய்வாகப் பொருத்திய அந்தப் பின் கைகள் மேலும் கீழும் போகும்போது சக்கரத்தின் கோணமும் மாறும். ஈரச் சாலையில், வளைவின் பாதியில், பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் வெளியே வழுக்கும். பழகியவருக்கு அது விளையாட்டு. பழகாதவருக்கு அது விளையாட்டில்லை. விமர்சகர்கள் புகழ்ந்த ஹேண்ட்லிங்கில் ஓட்டுபவரின் கைப்பழக்கமும் கலந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் கதைக்குள் வருகிறார். யுடாகா கடயாமா. அமெரிக்காவில் டாட்சன் கார் விற்பனையை வளர்த்த ஜப்பானியர். அங்கே எல்லோருக்கும் மிஸ்டர் கே. 1967-இல் நிசான் கம்பெனி புளூபேர்டு என்ற புதிய செடானைக் கொண்டுவந்தது. ஏற்றுமதிப் பெயர் டாட்சன் 510. ஜப்பானியச் சாலைகளுக்குச் சின்ன இன்ஜின் போதும் என்பது தலைமையகத்தின் எண்ணம். அமெரிக்க நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் சட்டென்று வேகமெடுக்காத வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள், 1,600 சி.சி. வேண்டும் என்று கடயாமா போராடி வாங்கினார். 96 குதிரைசக்தி. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், டிஸ்க் பிரேக். பின்னால் தனித்தனி சஸ்பென்ஷன். மியூனிக்காரர்கள் போட்ட அதே கோலம். இவ்வளவுக்கும் விளம்பர விலை 1,996 டாலர்.

2,850-க்கும் 1,996-க்கும் உள்ள வித்தியாசம் 854 டாலர். 2002-க்குக் கொடுக்கும் காசில் 30 சதவீதம் மிச்சம். அந்த 30 சதவீதத்துக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம்? 2002-இன் இன்ஜின் அதிக வேகத்திலும் அசராது, கதவு சாத்தும் ஓசையிலேயே கனம் தெரியும், சீட் நீண்ட பயணத்துக்கு உகந்தது. 510-இன் உள்பக்கம் வெறும் பிளாஸ்டிக், இரைச்சலும் கூடுதல். ஆனால் சக்கரமும் சாலையும் பேசிக்கொள்ளும் விதத்தில் இரண்டும் பங்காளிகள். ஏழைகளின் பி.எம்.டபிள்யூ. என்று அமெரிக்கர்கள் 510-க்கு வைத்த பெயர் பாராட்டாகவே நிலைத்தது. பீட்டர் பிராக்கின் பி.ஆர்.ஈ. அணிக்காக ஜான் மார்ட்டன் ஓட்டிய 510, ஆல்ஃபாக்களும் பி.எம்.டபிள்யூ.க்களும் ஓடிய 2.5 லிட்டர் டிரான்ஸ்-ஆம் போட்டித் தொடரில் 1971-லும் 1972-லும் பட்டம் வென்றது. அதற்கு முன்னமே, 1970-இல், கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் எட்கார் ஹெர்மனும் ஹான்ஸ் ஷூலரும் இதே வரிசை வண்டியில் முதலில் வந்தார்கள். சஃபாரி ராலி என்பது சேறும் புழுதியும் பள்ளமும். நல்ல சஸ்பென்ஷன் என்றால் மெத்தை மட்டுமில்லை, உடையாமல் தாங்குவதும்தான் என்று அங்கே தெரிந்தது. இன்னொரு விஷயமும் பாருங்கள். 510-இன் ஸ்டேஷன் வேகன் மாடலுக்கு மட்டும் நிசான் லைவ் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தது. சாமான் ஏற்றுபவருக்கு அதுதான் சரி என்று தெரிந்தே செய்தார்கள்.

நான்கு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடு என்று நீங்கள் என்னைக் கேட்டால், ஓட்டும் சந்தோஷத்துக்கு ஆல்ஃபா, எல்லாம் சேர்ந்த திருப்திக்கு 2002, என் கைக்காசைப் போடுவதென்றால் 510. லோட்டஸ் கார்டினாவைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினால் பார்த்து ரசிப்பேன்.

காசுக்கேற்ற பெறுமானம் என்பதை வண்டியை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது என்பதற்கு அடுத்து நடந்தது நல்ல உதாரணம். 2002 வெளிவந்தபோது ஒரு டாலருக்கு 4 மார்க். 1969 அக்டோபரில் ஜெர்மனி மார்க்கின் மதிப்பை உயர்த்தியது, 3.66 ஆயிற்று. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை வெட்டி, இறக்குமதிப் பொருட்களுக்கு 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். வரி சில மாதத்தில் போய்விட்டது. ஆனால் டிசம்பரில் மார்க் 3.22-க்கு வந்து நின்றது. யென் 360-லிருந்து 308-க்கு. தொழிற்சாலையில் 10,000 மார்க் விலையுள்ள பொருள் 2,500 டாலராக இருந்தது 3,100 டாலராகிவிடும். பொருளில் ஒரு திருகாணி கூட மாறவில்லை. ஏழு லட்சத்து இருபதாயிரம் யென் பொருள் 2,000 டாலரிலிருந்து 2,340-ஐ நெருங்கும். ஐந்து வருடத்தில் அமெரிக்கர் ஒருவருக்கு 2002 நடுத்தர விலை வண்டியாக இல்லாமல் போனதற்கு மியூனிக் இன்ஜினியர்கள் பொறுப்பில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வேறு. அந்த வருடம்தான் பி.எம்.டபிள்யூ. 170 குதிரைசக்தி 2002 டர்போவை வெளியிட்டது. நேரம் பார்த்து வந்தது! சுமார் 1,670 வண்டிகளோடு நின்றுபோனது. 1975-இல் 3 சீரிஸ் வந்தது. விலைப் பட்டியலில் அது எங்கே போய் உட்கார்ந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் நடந்த வருடங்களில் நம் ஊரில் என்ன ஓடியது? அம்பாசடர், ஃபியட், பிறகு சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரியவர்கள் ஹெரால்டை மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு வடிவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. பி.எம்.டபிள்யூ. கம்பெனிக்கு மூச்சு கொடுத்தது என்று மேலே சொன்னேனே, அந்த 700-க்கும் வடிவம் கொடுத்தவர் அவரே. ஹெரால்டிலும் பின் சக்கரங்கள் தனித்தனியாகத்தான் இயங்கின. ஆனால் அது ஸ்விங் ஆக்சில் என்ற எளிய வகை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் பின் சக்கரங்கள் கால் வளைந்த குழந்தை போல உள்ளே மடங்கி நிற்கும். நம் வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அதே கம்பெனி கெஸல் என்ற அடுத்த காரைக் கொண்டுவந்தபோது பின்பக்கம் லைவ் ஆக்சிலுக்கு மாறிவிட்டது. உலகம் ஒரு திசையில் போகும்போது நாம் எதிர்த்திசையில் போனோம் என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ரிப்பேருக்கு ஆளில்லாத நுணுக்கத்தை வைத்துக்கொண்டு செங்கல்பட்டு தாண்டி நடுரோட்டில் நிற்பவருக்கு ஹேண்ட்லிங் எதற்கு?

இப்போது நம் பார்க்கிங்குக்கு வருவோம். அன்றாடம் நாம் வாங்கும் விலையிலுள்ள செடான்கள், ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா எல்லாவற்றிலும், பின்பக்கம் டார்ஷன் பீம் என்ற முறுக்குக் கம்பிதான். பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும், ஆனால் ஓரளவு முறுக்கிக்கொடுக்கும். லைவ் ஆக்சிலுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனுக்கும் நடுவே ஒரு சமரசம். இவை முன்சக்கர இழுவை வண்டிகள் என்பதால் பின்னால் தொங்குவதற்குப் பூசணிக்காய் கிடையாது. எடை பிரச்சினை பெருமளவு தானாகவே தீர்ந்துவிட்டது. டிக்கிக்கும் இடம் மிச்சம், தொழிற்சாலைக்கும் செலவு மிச்சம். அதனால் பத்திரிகையில் மல்டி-லிங்க் இல்லை என்று குறை எழுதியிருந்தால் உடனே முகம் சுளிக்க வேண்டாம். பகுதிகளின் பெயரைவிட அவற்றை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஆல்ஃபா லைவ் ஆக்சிலை வைத்துக்கொண்டே சாதித்தது.

வங்கியில் கார் கடன் மனுக்களில் ஆன்-ரோடு விலை, மாதத் தவணை, சம்பளச் சான்று, இவ்வளவுதான் பார்ப்போம். டயர் விலை, சர்வீஸ் தூரம், ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கும் ரீசேல் ஆகியவற்றை மனுவில் கேட்க மாட்டோம். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாகப் பெரிய அலாய் வீல் போட்ட உயர்ந்த மாடலின் டயர் விலையைக் கேளுங்கள். சக்கரம் பெரிதாகி டயர் பட்டையின் உயரம் குறையக் குறைய வளைவில் பிடி கூடும், வேகத்தடையில் இடுப்புக்குத் தெரியும். ஒரே மாடலின் இரண்டு விலைகளில் மலிவானதுதான் பின்சீட்டில் சுகமானது என்பது பல நேரம் உண்மை.

அந்தப் பழைய எதிராளிகள் இருவரும் பின்னாளில் நம் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். செங்கல்பட்டு போகும் வழியில் உள்ள மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தபோது முதலில் தயாரானது 3 சீரிஸ், 2002-இன் நேர் வாரிசு. நிசான் 2010-இல் ஒரகடத்தில் தொழிற்சாலை திறந்தது. நிசான் வெகுகாலம் பரணில் போட்டு வைத்திருந்த டாட்சன் என்ற பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்து, 2014-இல் டாட்சன் கோ என்ற சின்னக் காரை 3.12 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் ஒரகடத்திலிருந்தே விட்டார்கள். விலையில் கடயாமாவின் கணக்கு இருந்தது. வண்டியில் 510-இன் எந்தச் சாயலும் இல்லை. 2022-இல் அந்தப் பெயரை மறுபடியும் மூடிவிட்டார்கள்.

நம்மில் சிலர் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது பார்க்கும் யோசனையில் இருப்பது தெரியும். டெஸ்ட் டிரைவ் போகும்போது ஷோரூம்காரர் காட்டும் புத்தம்புதுத் தார்ச் சாலையில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். நம் தெருமுனை வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி மெதுவாக ஓட்டுங்கள். மறு பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டில் போய் உட்காருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களும் கூட இருந்தால் நல்லது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள்.